கொனாட்டா ஏன் திருந்தவேண்டும்? லக்கி ஸ்டார் நாயகி பற்றி ஒரு விவாதம்

கருவேலன் எழுதியது:

நகைச்சுவை மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், அனிமே எனும் ஜப்பானிய அசைவுப்படங்களின் மீது பித்துப்பிடித்த ஒரு பெண் நாயகியாக வந்தால், கதாசிரியர் அவளுக்கு என்ன முடிவு வைத்திருப்பார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஒரு காதலன் வருவான், இல்லையென்றால் ஊரறிய ஓர் அவமானம் நேரும். அலமாரியில் இருந்த பொம்மைகள் பெட்டிக்குள் போகும். "வளர்ந்துவிட்டாள்" என்று நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவைப்போம். இந்த முடிவு எனக்குப் பிடிப்பதேயில்லை. அதனால்தான் லக்கி ஸ்டாரின் கொனாட்டா இசுமியைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: யோஷிமிசு காகாமி வரைந்த நான்கு கட்ட மங்கா இது. கடோகாவா நிறுவனம் நடத்தும் காம்ப்டீக் என்ற கணினி விளையாட்டுப் பத்திரிகையின் 2004 ஜனவரி இதழில் தொடங்கியது. 2007 ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கியோட்டோ அனிமேஷன் இதை 24 பகுதிகளாக டிவிக்கு எடுத்தது. டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா மாகாணத்தில் மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் நான்கு தோழிகள்: கொனாட்டா, இரட்டையரான காகாமியும் த்சுகாசாவும், கேட்டதற்கெல்லாம் விளக்கம் வைத்திருக்கும் மியுகி. கதை என்று எதுவும் கிடையாது. பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தேர்வு வருகிறது, விடுமுறை வருகிறது.

கொனாட்டாவுக்கு 142 சென்டிமீட்டர் உயரம், நீளமான நீலக் கூந்தல், எப்போதும் பாதி மூடிய கண்கள். ஓட்டத்திலும் விளையாட்டிலும் கெட்டிக்காரி. ஆனால் எந்த விளையாட்டுக் குழுவிலும் சேரமாட்டாள். பயிற்சி முடிந்து வீடு திரும்புவதற்குள் மாலை அனிமே தொடங்கிவிடும் என்பதுதான் காரணம். பேஸ்பால் ஆட்டம் நீண்டுபோய் இரவு நிகழ்ச்சிகள் தள்ளிப்போகும் நாட்களில் அந்த விளையாட்டையே சபிப்பாள். ஒரே புத்தகத்தில் மூன்று பிரதிகள் வாங்குவாள்: ஒன்று படிக்க, ஒன்று பத்திரப்படுத்த, ஒன்று அடுத்தவரிடம் கொடுத்து அவரையும் இந்தப் பக்கம் இழுக்க.

காகாமி திட்டுகிறாள். வகுப்பாசிரியை தலையில் தட்டுகிறார். கொனாட்டாவுக்கு எதுவும் உறைப்பதில்லை. உறைக்கவேண்டும் என்று யோஷிமிசுவும் எதிர்பார்க்கவில்லை. நம்மைச் சிரிக்கவைக்கிறார், ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தண்டனை தருவதில்லை. என் பார்வையில் இந்த மங்காவின் பெரிய சாதனை அதுதான். உங்கள் கருத்து என்ன?

தாமரைக்கொடி எழுதியது:

கருவேலன், உங்கள் உற்சாகம் புரிகிறது. எனக்கும் கொனாட்டாவைப் பிடிக்கும். ஆனால் நீங்கள் தொடாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

இவள் யாருக்காகப் படைக்கப்பட்டவள்? காம்ப்டீக்கை வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், கணினி விளையாட்டில் ஊறியவர்கள். கொனாட்டாவின் ரசனையைப் பாருங்கள். அவள் விளையாடும் விளையாட்டுகள் ஆண்களுக்கென்று செய்யப்பட்டவை, அவற்றில் சில அவள் வயதுக்கு விற்கக்கூடாதவை. மியுகியைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணாடி, கூச்சம், தடுமாற்றம் என்று ஒவ்வொரு அம்சமாகப் பிரித்து "மோஎ" (கதாபாத்திரத்தின் மீது பொங்கும் ஈர்ப்பு) கணக்குப் போடுகிறாள். தோழியைத் தோழியாகப் பார்க்காமல் கதாபாத்திரமாகப் பார்க்கிறாள். பத்திரிகை வாங்கும் இளைஞனின் கண்ணைப் பிடுங்கி ஒரு பள்ளிச் சிறுமியின் முகத்தில் பொருத்தியதுபோல் இருக்கிறது. அவன் வெட்கப்படாமல் தன்னையே ரசித்துக்கொள்ள வசதியாக ஓர் அழகான முகமூடி!

அவளுடைய அப்பா சோஜிரோவை வைத்து எழுதப்பட்ட சில நகைச்சுவைகளையும் நான் மன்னிக்கத் தயாரில்லை. சின்ன உருவமுள்ள பெண்கள் மீது அவருக்கு இருக்கும் மோகத்தைக் கேலியாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தப் பக்கங்கள் வரும்போது எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது.

தொடர்வாசகன் எழுதியது:

நான் இன்னும் எளிமையான ஒரு குறையைச் சொல்கிறேன். இந்தப் பெண் வீட்டுப்பாடம் செய்வதில்லை. விடுமுறையின் கடைசி நாளில் காகாமியின் நோட்டை வாங்கி வரிக்கு வரி நகலெடுக்கிறாள். அடுத்த விடுமுறையிலும் அதையே செய்கிறாள். உழைப்பவள் ஒருத்தி, பலனை அனுபவிப்பவள் இன்னொருத்தி. இதில் தண்டனையில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கொனாட்டா நிஜத்தில் என் வகுப்பில் இருந்திருந்தால் நான் பக்கத்து பெஞ்சுக்கு மாறியிருப்பேன்.

கருவேலன் எழுதியது:

தொடர்வாசகனுக்கு முதலில்.

காகாமி ஏன் ஒவ்வொரு முறையும் நோட்டைக் கொடுக்கிறாள்? அவள் வேறு வகுப்பு. மற்ற மூவரும் ஒரே வகுப்பில் இருக்க, இவள் மட்டும் தனியாகப் பிரிக்கப்பட்டவள். மதிய உணவு மணி அடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வகுப்புக்கு வந்துவிடுகிறாள். தன் வகுப்பில் சாப்பிட ஆளில்லாமல் இல்லை, அங்கேயும் அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள். இருந்தும் வருகிறாள். வந்து உட்கார்ந்ததும் கொனாட்டாவைத் திட்டத் தொடங்குகிறாள். திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகவே வருகிறாளோ என்று தோன்றும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காகாமி சாதாரணப் பெண் அல்ல. லைட் நாவல்களை (இளைஞர்களுக்கான எளிய ஜப்பானிய நாவல்களை) விழுந்து விழுந்து படிப்பவள், விளையாட்டுகளும் ஆடுபவள். கொனாட்டாவை அந்த நாவல்களைப் படிக்கவைக்க அவள் படும் பாடு தனிக் கதை. படமில்லாத பக்கங்களைப் பார்த்தாலே கொனாட்டாவுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆக, காகாமிக்குள்ளும் பாதி ஒட்டாகு, அதாவது அனிமே, விளையாட்டுப் பித்துப்பிடித்தவள், இருக்கிறாள். ஒளித்துவைக்க முயல்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பாதியை வெளிப்படையாகப் பேச அவளுக்குக் கிடைத்த ஒரே இடம் கொனாட்டாவின் மேஜைதான். நோட்டுக்கு ஈடாக அவளுக்குக் கிடைப்பது அது. கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருத்தி கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருத்தி வாங்கிக்கொண்டே இருக்கிறாள் என்பது முழுப் படம் அல்ல.

கொனாட்டா தேர்வுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து படித்தே தப்பித்துக்கொள்பவள் என்பதும் மங்காவில் இருக்கிறது. அதைப் பார்த்துக் காகாமி எரிச்சலடைவது, படிப்பாளிகள் எல்லோருக்கும் தெரிந்த எரிச்சல்.

தாமரைக்கொடி சொன்னதற்கு நான் கொஞ்சம் யோசித்துப் பதில் எழுதவேண்டும். அதற்குள் மற்றவர்களும் பேசட்டும்.

ஏழாம் அலை எழுதியது:

இந்த விவாதத்தில் வடிவத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! கொனாட்டா ஏன் மாறுவதில்லை என்பதற்குப் பாதிக் காரணம் நான்கு கட்ட மங்காவின் அமைப்பில் இருக்கிறது.

மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு பேச்சு தொடங்கும், இரண்டாவதில் தொடரும், மூன்றாவதில் எதிர்பாராத பக்கம் திரும்பும், நான்காவதில் நகைச்சுவை வந்து விழும். அடுத்த துணுக்கு முற்றிலும் புதிது. இந்த அமைப்பில் ஒரு பாத்திரம் பாடம் கற்றுக்கொண்டால் அடுத்த துணுக்குக்குச் சரக்கு இல்லை. கொனாட்டா மூன்று பிரதிகள் வாங்குவதை நிறுத்திவிட்டால் நான்காவது கட்டத்தில் காகாமி என்ன சொல்வாள்? ஆகவே கருவேலன் சொல்வதைப் போல இது முழுக்க ஆசிரியரின் கருணை என்று நான் நினைக்கவில்லை. வடிவம் கேட்டதை அவர் கொடுத்தார்.

ஆனால் ஒன்றில் யோஷிமிசு தனித்து நிற்கிறார். அவருடைய நான்காவது கட்டம் பல சமயம் விழுவதேயில்லை. சிரிப்பு வரவேண்டிய இடத்தில் "ஆமாம், எனக்கும் அப்படித்தான்" என்ற ஒரு தலையாட்டல்தான் வருகிறது. டிவித் தொடரின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்லெட் கிரீம் அடைத்த சங்கு வடிவ ரொட்டி ஒன்று. அதை எந்தப் பக்கத்திலிருந்து சாப்பிடுவது, தடித்த முனை தலையா, மெல்லிய முனை தலையா என்று பேச்சு தொடங்கி நிற்கவே மாட்டேன் என்கிறது. மியுகி வந்து, மெல்லிய முனையைக் கிள்ளி, மறுமுனையில் பிதுங்கும் கிரீமில் தொட்டுச் சாப்பிடுவதுதான் முறை என்று விளக்குகிறாள். கதையே இல்லாத இந்தப் பேச்சைப் பார்த்துப் பலர் முதல் நாளே தொடரை விட்டு விலகினார்கள். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த ரொட்டியைப் பற்றிப் பேசும் அதே தீவிரத்தோடுதான் கொனாட்டா அனிமே பற்றியும் பேசுகிறாள். அவளுக்கு உலகில் பெரிய விஷயம், சின்ன விஷயம் என்ற பாகுபாடு கிடையாது.

தொடரின் முதல் பாதியில் ஒவ்வொரு பகுதியும் கரோக்கி அறையின் மூடிய கதவோடு முடியும். உள்ளே நால்வரும் பாடுவது மட்டும் கேட்கும். கொனாட்டா அங்கேயும் பழைய அனிமே பாட்டுகளைத்தான் எடுப்பாள். முகத்தைக் காட்டாமலே ஒரு பாத்திரத்தை இவ்வளவு உயிரோடு காட்ட முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

புதுவாசல் எழுதியது:

வணக்கம். நான் கல்லூரி முதலாண்டு, டிவித் தொடர் மட்டும் பாதி பார்த்திருக்கிறேன். கொனாட்டா வேலை செய்யும் உணவகத்தில் அவள் ஏதோ ஒரு வேடம் போட்டு நிற்கும்போது எல்லோரும் கைதட்டுகிறார்களே, அது என்ன விஷயம்? அண்ணன்மார், அக்காமார் யாராவது விளக்குங்களேன். இப்படித் தெரியாத குறிப்புகள் வந்தால் விட்டுவிட்டுப் பார்க்கலாமா?

ஏழாம் அலை எழுதியது:

வா தம்பி. அவள் போடுவது ஹாருஹி சுஸுமியா என்ற இன்னொரு அனிமே நாயகியின் வேடம். அந்தத் தொடரையும் கியோட்டோ அனிமேஷனே 2006இல் எடுத்தது. அதில் ஹாருஹிக்குக் குரல் கொடுத்தவர் ஹிரானோ அயா. கொனாட்டாவுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. ஆக, டோக்கியோவின் அனிமே கடைத்தெருவான அகிஹாபாராவின் அந்த உணவகத்தில் கொனாட்டா ஹாருஹியாகப் பேசும்போது குரல் அப்படியே அசலாக இருக்கிறது. தன் குரலைத் தானே நடிக்கும் வேடிக்கை அது.

குறிப்புகள் தெரியாவிட்டாலும் பார்க்கலாம். எல்லாமே புரியவேண்டும் என்று காத்திருந்தால் யாரும் பார்க்கவே முடியாது. த்சுகாசாவுக்கும் பாதி புரிவதில்லை, அவள் சந்தோஷமாகத்தானே உட்கார்ந்திருக்கிறாள்.

வண்டிப்பாதை எழுதியது:

தாமரைக்கொடி அக்கா கேட்ட "யாருக்காகப் படைக்கப்பட்டவள்" என்ற கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து பதில் வைக்கிறேன். படைத்தவரின் கையை விட்டு இந்தப் பாத்திரங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பாருங்கள்.

காகாமி, த்சுகாசாவின் அப்பா ஒரு கோயிலின் பூசாரி.  அனிமேவில் அந்தக் கோயிலுக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது வாஷினோமியா கோயிலை. டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதியிலேயே மிகப் பழமையானது என்று சொல்லப்படுவது. அப்போது அது வாஷிமியா என்ற சிறு நகரத்தில் இருந்தது. 2007 கோடையில் ஒரு அனிமே பத்திரிகை தன் இணைப்பில் தொடரின் இடங்களை அடையாளம் காட்டியது. அதன் பிறகு இளைஞர்கள் கேமராவோடு வந்து இறங்கத் தொடங்கினார்கள். வேண்டுதல் எழுதித் தொங்கவிடும் மரப்பலகைகளில் கொனாட்டாவும் காகாமியும் வரையப்பட்டுத் தொங்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. ஊர் வணிகர் சங்கம் வந்தவர்களை விரட்டவில்லை. அவர்களிடமே போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டது. மரப்பலகை வடிவத்தில் கைப்பேசியில் மாட்டும் சரடுகளைச் செய்தார்கள். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் விற்காமல் ஊரின் பல கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லா வடிவங்களும் வேண்டுமானால் ஊரைச் சுற்றி நடக்கவேண்டும், கடைக்காரரிடம் பேசவேண்டும். 2007 டிசம்பரில் குரல் கலைஞர்களை அழைத்து விழா எடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.

புத்தாண்டின் முதல் நாட்களில் கோயிலுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 2008இல் 3 லட்சம். 2009இல் 4,20,000. 2011இல் 4,70,000. தொடர் 2007 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். 2008 ஏப்ரலில் நகர நிர்வாகம் ஹீராகி குடும்பத்தையே, அதாவது காகாமி வீட்டாரை, சிறப்புக் குடியிருப்பாளர்களாகப் பதிவு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஊர்த் திருவிழாவில் லக்கி ஸ்டார் படங்கள் வரைந்த பல்லக்கை ரசிகர்கள் தோளில் சுமந்து போனார்கள்.

இப்படிச் சுமந்தவர்கள் யார்? ஊரார் பார்வையில் அறையை விட்டு வெளியே வராதவர்கள். கொனாட்டாவின் ரசிகர்கள்.

தொடர்வாசகன் எழுதியது:

வண்டிப்பாதை எழுதியது சுவையான செய்தி, மறுக்கவில்லை. ஆனால் அதில் வணிகம் இல்லையா? கொனாட்டா மூன்று பிரதிகள் வாங்குவதைப் பார்த்து ரசிகர்களும் வாங்குகிறார்கள். கடைக்குக் கடை வேறு வேறு இலவசப் பொருள் தருவதால் ஒரே பொருளைப் பல கடைகளில் வாங்கும் பழக்கத்தை அவள் வீரச்செயல்போல் ஆக்கிவிட்டாள். அவளுக்காகவே கடை மேலாளர் ஒருவர் தீப்பொறி பறக்கக் காத்திருக்கும் காட்சி இருக்கிறதே, அந்த மேலாளர் நிஜமான ஒரு கடைத்தொடரின் விளம்பரப் பாத்திரம். சிரித்துக்கொண்டே நம் பையில் கைவிடுகிறார்கள்.

வண்டிப்பாதை எழுதியது:

தொடர்வாசகன், வணிகம் இருக்கிறது. அதை ஏன் மறைக்கவேண்டும்? கடைச் சரக்கு விற்றதால்தான் ஊர் வணிகர்கள் இந்த இளைஞர்களுக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்த பிறகு நடந்தது விற்பனையோடு நிற்கவில்லை. வாஷிமியா 2010 மார்ச்சில் குகி நகரத்தோடு இணைந்து தன் பெயரில் இருந்த நகராட்சியை இழந்தது. பல்லக்கு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் கோயிலின் முகப்பில் இருந்த மரத் தோரி வாயில் சரிந்து விழுந்தது. தொடரின் தொடக்கப் பாட்டிலேயே வரும் இடம் என்பதால் ரசிகர்களுக்கு அது வீட்டு வாசல் இடிந்த துக்கம். 2021 டிசம்பரில் புதிய வாயில் எழுந்தது. ஒரு விளம்பரம் பதினான்கு ஆண்டுகள் மனிதர்களை அப்படிக் கட்டிவைக்காது.

தாமரைக்கொடி எழுதியது:

வண்டிப்பாதை, நன்றாகச் சொன்னீர்கள் தம்பி. அதோடு ஒரு வரலாற்றையும் சேர்க்கவேண்டும். அது என் வாதத்துக்கே எதிராகப் போனாலும் பரவாயில்லை.

1989இல் டோக்கியோவிலும் சைதாமாவிலும் சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ நாடாக்கள் இருந்ததைப் பத்திரிகைகளும் டிவியும் திரும்பத் திரும்பக் காட்டின. அன்றிலிருந்து பல ஆண்டுகளுக்கு ஒட்டாகு என்றாலே ஜப்பானியக் குடும்பங்கள் முகம் சுளித்தன. அனிமே பிடிக்கும் என்பதைப் பள்ளியில் சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள். 2004இல் வெளிவந்த, ஓர் ஒட்டாகு இளைஞனைப் பற்றிய ரயில் மனிதன் கதை அந்த வெறுப்பைக் கொஞ்சம் இளக்கியது. ஆனால் எப்படி இளக்கியது? நாயகன் முடிவெட்டி, புது உடை வாங்கி, நாகரிகமானவனாகி ஒரு பெண்ணின் அன்பைப் பெறுகிறான். மன்னிப்பு கிடைத்தது, நிபந்தனையோடு. கருவேலன் முதலில் வெறுத்தாரே, அந்த முடிவேதான்.

கொனாட்டா வந்த காலம் அது. சைதாமாவில், அதே மாகாணத்தில், ஒரு பெண் எந்த நிபந்தனையும் இல்லாமல் "நான் ஒட்டாகு" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதன் எடையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கென்ஷிகென் மங்காவில் ஒகிஉவே என்ற பெண் வருகிறாள். ஒட்டாகுக்களை வெறுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஒட்டாகு குழுவில் வந்து சேர்கிறாள். நடுநிலைப் பள்ளியில் அவள் வரைந்த படங்கள் வெளியே கசிந்து, அதில் இருந்த பையன் பள்ளியை விட்டே போய்விட்ட காயம் அவளுக்குள் இருக்கிறது. ஒரு பெண்ணின் ஆசைக்கு உலகம் என்ன விலை கேட்கும் என்பதை அங்கே பார்த்தேன். ஒகிஉவேயைப் படித்த பிறகு கொனாட்டாவிடம் திரும்பி வந்தால், இவள் விலையே கொடுக்காமல் தப்பித்துவிட்டாள் என்று எனக்கு ஒரு பொறாமை வருகிறது. வாடாமோதே என்ற மங்காவின் தோமோகோவோ பேச ஆளே கிடைக்காமல் பல தொகுதிகள் தவிக்கிறாள். கொனாட்டாவுக்கு முதல் பக்கத்திலேயே தோழிகள் இருக்கிறார்கள்.

ஆகவே என் எதிர்ப்பு அப்படியே நிற்கிறது: அவள் கண் ஓர் ஆண் வாசகனின் கண்தான். ஆனால் அந்த முகமூடியைப் பெண்களும் எடுத்து அணிந்துகொண்டோம். பதினாறு வயதில் எனக்கு அது பொருந்தியது. தோழிகள் நடுவே உட்கார்ந்து, யாருக்கும் புரியாத ஒன்றைப் பற்றி மூச்சுவிடாமல் பேசலாம், பேசி முடித்த பிறகும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள் என்று எனக்குக் காட்டிய முதல் பெண் அவள். ஆசிரியர் அதை எனக்காக எழுதவில்லை என்பதால் நான் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை.

கருவேலன் எழுதியது:

தாமரைக்கொடி, நான் யோசித்து எழுதவேண்டும் என்று தள்ளிவைத்த பதிலின் பெரும்பகுதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். எனக்கு மிச்சமிருப்பது சோஜிரோ.

அவரைப் பற்றிய கொச்சையான துணுக்குகளை நானும் காக்க வரவில்லை. அவை போகட்டும். ஆனால் கொனாட்டாவின் பித்து எங்கிருந்து வந்தது என்பதற்கு அவர்தான் விடை. கொனாட்டாவின் அம்மா கனாட்டா, மகள் பிறந்து வெகு சீக்கிரமே இறந்துவிட்டார். எழுத்தாளரான அப்பா வீட்டிலேயே இருந்து மகளைத் தனியாக வளர்த்தார். ஒரு ஆண், ஒரு சின்னப் பெண், சமையல், பள்ளி, மாலைப்பொழுது. அவருக்குத் தெரிந்த உலகத்தைத்தான் அவளுக்குக் கொடுக்க முடிந்தது. அவர் அலமாரியில் இருந்த புத்தகங்கள், அவர் பார்த்த அனிமே, அவர் ஆடிய விளையாட்டுகள். தாமரைக்கொடி சொன்ன அந்த ஆண் வாசகனின் கண், கதைக்குள்ளேயே அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து. மற்ற வீடுகளில் அம்மா சொல்லித்தரும் பாட்டும் கோலமும் எப்படியோ, இந்த வீட்டில் அனிமே அப்படி.

டிவித் தொடரின் 22ஆம் பகுதியில் கனாட்டாவின் ஆவி ஒரு நாள் வீட்டுக்கு வருகிறது. அம்மா எதனால் உங்களைப் போய் விரும்பினார் என்று கொனாட்டா கேட்கிறாள். அவளை என்னைவிட அதிகமாக யாரும் நேசித்திருக்க முடியாது என்கிற பொருளில் சோஜிரோ பதில் சொல்கிறார். அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். கனாட்டாவும் பக்கத்தில் வந்து நிற்கிறார். படத்தைப் பார்த்தால் பின்னால் மங்கலாக ஓர் உருவம். ஆவிப் படம் என்று அலறிக்கொண்டு இருவரும் அதை அழித்துவிடுகிறார்கள்!

வேறு எந்தக் கதாசிரியராவது அந்த இடத்தில் அவர்களை அழவைத்திருப்பார். படத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார். இங்கே அம்மா தெரிந்தும் அவர்களுக்குத் தெரியவில்லை. கொனாட்டா கொனாட்டாவாகவே இருக்கிறாள், பயந்தாங்கொள்ளியாக, அப்பாவைப்போலவே. கனாட்டாவுக்கு வேண்டியதும் அதுதான் என்று நான் நம்புகிறேன். இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் அவர் வந்தார்.

ஏழாம் அலை எழுதியது:

22ஆம் பகுதியில் நானும் உங்களோடுதான். ஆனால் அந்தப் பக்குவத்தில் இயக்குநருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஐந்தாம் பகுதியிலிருந்து தொடரை நடத்தியவர் தாகேமோட்டோ யாசுஹிரோ. அவசரமில்லாத, எதையும் அடிக்கோடிட்டுக் காட்டாத கை அவருடையது. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்குத் தீ வைக்கப்பட்டபோது இறந்த 36 பேரில் அவரும் ஒருவர். இந்தப் பித்துப்பிடித்த பெண்ணை இவ்வளவு மரியாதையோடு படமாக்கிய ஒருவரை அப்படி இழந்ததை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவர் பெயரைச் சொல்லாமல் இந்த இழை போய்விடக்கூடாது.

தொடர்வாசகன் எழுதியது:

ஏழாம் அலை, அந்தப் பெயரைக் குறிப்பிட்டது நல்லது. நான் தொடரைத் தாண்டி மங்காவில் என்ன ஆகிறது என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். இவர்கள் பள்ளியோடு உறைந்துபோகவில்லை. தேர்வு எழுதி, பட்டமளிப்பு முடிந்து, கல்லூரிக்குப் போகிறார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2022இல் வேறொரு பத்திரிகையில் தொடர் மீண்டும் வந்தது. கல்லூரிக்குப் போன பிறகும் கொனாட்டாவின் மேஜையில் இருப்பது அதே சரக்குதான். காகாமியின் கோபமும் அதே அளவு. வடிவம் மட்டுமே காரணம் என்றால் ஆசிரியர் அவர்களைப் பள்ளியிலேயே வைத்திருக்கலாமே. காலத்தை ஓடவிட்டும் அவளை மாற்றவில்லை. இந்த ஒன்றில் கருவேலன் பக்கம் நான் வருகிறேன். வீட்டுப்பாடத்தில் வரமாட்டேன்.

புதுவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மங்காவைப் படிக்கலாம் என்று தேடினேன். ஆங்கிலப் பதிப்பு கொண்டுவந்த நிறுவனம் 2012இல் புதிய வெளியீடுகளையே நிறுத்திவிட்டதாகத் தெரிகிறது, பழைய பிரதிதான் தேடவேண்டும்போல. அதுவரை தொடரின் மீதியைப் பார்க்கிறேன். எனக்கு இதுவரை மிகவும் பிடித்தவர் வகுப்பாசிரியை குரோய்தான். இரவில் இணைய விளையாட்டில் கொனாட்டாவோடு சேர்ந்து ஆடிவிட்டு, அதே விளையாட்டுக்குள் வந்து வீட்டுப்பாடத்தை நினைவுபடுத்துகிறாரே! அவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

கருவேலன் எழுதியது:

பேசவேண்டியதுதான் தம்பி. இருபதுகளின் பிற்பகுதி, தனியாக வசிக்கிறார், பேஸ்பால் பைத்தியம், விளையாட்டில் கொனாட்டாவுக்குச் சமம். கொனாட்டா வளர்ந்து வேலைக்குப் போனால் எப்படி இருப்பாள் என்று கேட்பவர்களுக்கு ஆசிரியர் முதலிலேயே ஒரு பதிலை வகுப்பறையில் நிறுத்திவைத்திருக்கிறார். பேஸ்பால் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துவராது. குரோய் ஆசிரியைக்குத் தனியாக ஓர் இழை தொடங்கு, நாங்கள் எல்லோரும் அங்கே வருகிறோம்.